நங்கூரம் போட்ட சிறு படகில் இரவு முழுக்க ஏசி: மின்சாரக் கணக்கிலிருந்து கேபிள் வரை

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயாமிக்குத் தெற்கே பிஸ்கேன் விரிகுடாவில் ஆகஸ்ட் மாத இரவு எப்படி இருக்கும் என்று சென்னைவாசிக்கு விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவிலும் வெப்பம் 27 டிகிரியைவிட்டு இறங்க மறுக்கும். கடல் நீரே 30 டிகிரியைத் தொட்டு நிற்கும். சாயங்காலம் இடி மழை வந்தால் மேல்தளத்து ஹேட்ச்களை (கூரை ஜன்னல்களை) மூடியாக வேண்டும். மழை விட்டதும் திறந்தால் கொசுவும், கண்ணுக்கே தெரியாத கடிப்பூச்சியும் உள்ளே வந்துவிடும். மரினா எனப்படும் படகுத் துறையில் கட்டியிருந்தால் கவலையில்லை. கரையிலிருந்து ஒரு கேபிளைச் செருகினால் ஏசி ஓடும். நங்கூரம் போட்டு நிற்கும் இடத்தில் நம்மிடம் இருப்பது பேட்டரி மட்டுமே.

அங்கே ஏசியை ஓட வைப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு இரவில் செலவான மின்சாரத்தை மறுநாள் பொழுது சாய்வதற்குள் பேட்டரியில் திரும்ப ஏற்றுவதுதான் வித்தை. பெரும்பாலானவர்கள் முதலில் ஏசியை வாங்குகிறார்கள், அதற்கேற்ப பேட்டரி வாங்குகிறார்கள், சார்ஜ் செய்வதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். முதல் இரவு சுகமாகப் போகும். மூன்றாம் இரவு விளக்கே மங்கும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

உதாரணத்துக்கு 10 மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர், 12 வோல்ட் அமைப்பு, மூக்குப் பக்கம் ஒரு படுக்கை அறை. கணக்கெல்லாம் யூனிட்டில்தான். மின்வாரிய பில்லில் வரும் அதே யூனிட்: 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

படி 1: ஒரு நாளில் எவ்வளவு ஏற்ற முடியும்?

சோலாரில் இருந்து தொடங்குவோம். தென் ஃபுளோரிடாவின் கோடையில் ஒரு நாளில் முழு வெயிலுக்குச் சமமாக ஏறத்தாழ 5 மணி நேரம் கிடைக்கும். படகில் பலகைகள் படுக்கைவசமாக இருக்கும், பாய்மரத்தின் நிழல் விழும், சூட்டில் பலகையின் திறனும் குறையும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 சதவீதம் கழித்துவிடுங்கள். 400 வாட் பலகை வைத்திருந்தால் ஒரு நாளைக்கு 1.4 யூனிட், 800 வாட் என்றால் 2.8 யூனிட்.

இனி ஏசி இல்லாமலே படகு தின்னும் மின்சாரம். ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 1 யூனிட் எடுக்கும். விளக்கு, பம்ப், போன், கருவிகள் எல்லாம் சேர்ந்து 0.3 யூனிட். ஆக 1.3.

இப்போது கழித்துப் பாருங்கள். 400 வாட் சோலார் உள்ள படகில் ஏசிக்கு மிஞ்சுவது 0.1 யூனிட், அதாவது ஒன்றுமில்லை. 800 வாட் உள்ள படகில் 1.5 யூனிட் மிஞ்சும். சிறிய ஏசி ஒன்று, பின்னால் பார்க்கப் போவதுபோல, சராசரியாக மணிக்கு 0.3 யூனிட் எடுக்கும். அப்படியானால் சூரியன் மட்டுமே தருவது 5 மணி நேர ஏசி. அதற்கு மேல் வேண்டுமானால் எஞ்சினோ ஜெனரேட்டரோ பகலில் ஓடியாக வேண்டும். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் உங்கள் படகின் எல்லை இதுதான்.

படி 2: வெப்பம் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் ஏராளம். ஆனால் செலவழிக்கும் காசுக்கு அதிகப் பலன் இங்கேதான் கிடைக்கும்.

வெயிலில் சுட்ட மேல்தளம் பொழுது சாய்ந்த பிறகும் நெடுநேரம் கேபினுக்குள் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஏசியின் முதல் வேலை மதியமே ஆரம்பிக்கிறது: பாய்மரத் தண்டுக்கு மேலாக வெள்ளைத் துணிப் பந்தல் கட்டுவது. துணிக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் இருக்க வேண்டும். ஹேட்ச்களின் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வெள்ளை உறை போடுங்கள். உள்ளே போடும் திரை, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத்தான் மறைக்கும். மேற்கூரையின் உள்பக்கத்தில் பஞ்சுத் தகடோ நுரைத் தகடோ ஒட்ட இடமிருந்தால் அதையும் செய்யலாம்.

எஞ்சினை மறக்காதீர்கள். மாலை ஐந்து மணிவரை ஓட்டிவிட்டு நங்கூரம் போட்டால், அந்த இரும்புக் கட்டி இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கும். கடைசி நகர்தலைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. அது முடியாதபோது எஞ்சின் அறையின் காற்றை வெளியே இழுக்கும் விசிறியை ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள்.

அப்புறம், முழுப் படகையும் குளிர்விக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். குளிர வேண்டியது தூங்குகிற இரண்டு பேர்தான். படுக்கை அறைக் கதவை மூடுங்கள். கதவு இல்லையென்றால் கனமான திரை ஒன்றைத் தொங்கவிடுங்கள். இந்த ஒரு முடிவு, கீழே வரும் எல்லா எண்களையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடும்.

காற்றுள்ள இரவில் ஏசியே வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரினாவில் கட்டிய படகு கட்டியபடியேதான் நிற்கும். நங்கூரத்தில் நிற்கும் படகோ தானாகவே மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொள்ளும். முன் ஹேட்சைத் திறந்து கொசுவலை போட்டால் காற்று நேராகப் படுக்கைமேல் இறங்கும். 12 வோல்ட் விசிறி 10 வாட்தான் எடுக்கும். இரவு முழுக்க ஓடினாலும் 0.08 யூனிட். ஏசியைக் காற்றில்லாத இரவுக்கும் மழை இரவுக்கும் என்று வைத்துக்கொண்டால் அமைப்பு முழுவதும் நிம்மதியாக இயங்கும்.

படி 3: ஏசியின் அளவு

படகு ஏசி விற்பவர்கள் பயன்படுத்தும் தோராய விதி ஒன்று உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழுள்ள அறைக்குத் தரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 60 பி.டி.யு. (ஒரு மணி நேரத்தில் ஏசி வெளியேற்றும் வெப்பத்தின் அளவு), நடுத்தளத்துக்கு 90, கண்ணாடி சூழ்ந்த மேல்தளத்துக்கு 120. வீட்டு ஏசியை டன்னில் பேசுவோமே, அந்த 1 டன் என்பது 12,000 பி.டி.யு.

மூக்குப் பக்கத்துப் படுக்கை அறை 50 சதுர அடி என்றால் 3,000 பி.டி.யு. வருகிறது. இந்த அறையின் மேற்பாதி தண்ணீருக்கு மேலேதான் இருக்கும், இரண்டு பேரின் உடல் வெப்பமும் உண்டு, கடல் நீரும் சூடு. அதனால் 5,000 பி.டி.யு. என்று வைத்துக்கொள்வது சரியாக இருக்கும். இந்த அளவுள்ள ஏசி ஓடும்போது சுமார் 450 வாட் எடுக்கும். முழுப் படகுக்கும் என்றால் 16,000 பி.டி.யு. தேவைப்படும்; தண்ணீர் பம்ப்பையும் சேர்த்து 1,400 வாட் ஆகிவிடும்.

பெரிதாக வாங்கிவிட்டால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்க வேண்டாம். தேவைக்கு மேல் பெரிய ஏசி பத்து நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே இருக்காது. ஈரம் போகாத குளிர், மெத்தையில் பிசுபிசுப்பாக உட்காரும்.

படி 4: எந்த வகை?

கடல் நீரால் குளிரும் ஏசிதான் படகுக்கென்றே செய்தது. அடிப்பகுதியில் ஒரு துளை, அதில் அடைப்பு வால்வு, வடிகட்டி, பம்ப், பிறகு ஏசி, கடைசியில் பக்கவாட்டில் வெளியேறும் குழாய். சத்தம் குறைவு, திறன் அதிகம். ஆனால் இந்தப் பம்ப்புகள் தாமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளாதவை. பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். துளையிலிருந்து ஏசி வரை குழாய் ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் வளைந்து இறங்கினால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நின்றுவிடும். பிஸ்கேன் விரிகுடாவின் அடியில் கடற்புல் நிறைய உண்டு. வடிகட்டியை அடிக்கடி திறந்து பாருங்கள். நள்ளிரவில் ஏசி அழுத்தப் பிழை காட்டி நின்றால் பத்தில் ஒன்பது தடவை காரணம் அந்தப் புல்தான்.

ஆழம் குறைந்த நீரில் இன்னொரு சங்கடம். 2023 ஜூலை 24 அன்று, தென் ஃபுளோரிடாவின் கீ லார்கோ தீவுக்குப் பக்கத்து மேனட்டி விரிகுடாவில் உள்ள மிதவையில் கடல் நீர் 38.4 டிகிரி பதிவானது. அது உச்சம்தான். ஆனால் நீர் சூடாக ஆக அதே குளிர்ச்சிக்கு ஏசி கூடுதல் மின்சாரம் கேட்கும் என்பது எல்லா நாளும் பொருந்தும். கொஞ்சம் ஆழமான, நீரோட்டம் உள்ள இடத்தில் நங்கூரம் போடுவது மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும்.

காசு குறைவாக உள்ளவர்கள் 5,000 பி.டி.யு. ஜன்னல் ஏசியைப் படிக்கட்டு வாயிலிலோ முன் ஹேட்ச் மேலோ பலகை வைத்து அடைத்துப் பொருத்துகிறார்கள். அழகில்லை, உப்புக் காற்றில் வெகுநாள் தாங்காது, பயணத்தின்போது கழற்றிக் கட்டிவைக்க வேண்டும். ஆனால் வேலை செய்கிறது. இரண்டு கோடைகள் படகில் கழித்துப் பார்த்துத்தான் பெரிதாகச் செலவு செய்வது என்று முடிவெடுத்தவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

ஒற்றைக் குழாயுள்ள நடமாடும் ஏசி மட்டும் வேண்டாம். அது கேபினுக்குள் குளிர்ந்த காற்றையே எடுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்கு வெளிக்காற்று எல்லா இடுக்கு வழியாகவும் உள்ளே வரும். இரண்டு குழாய் உள்ளதானால் பரவாயில்லை.

12 வோல்ட், 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடும் ஏசிகளும் இப்போது கிடைக்கின்றன. கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும், இன்வெர்ட்டரில் ஆகும் இழப்பும் இல்லை. விலை மட்டும் கடிக்கும். புதிதாக எல்லாம் அமைக்கிறவருக்கு இதுவே என் முதல் தேர்வு.

எந்த வகையானாலும் ஈரத்திலிருந்து வடியும் தண்ணீரை எங்கே விடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். குளியல் நீர் சேரும் மூடிய தொட்டிக்குக் கொண்டுபோவது நல்லது. எஞ்சின் இருக்கும் அறையிலோ, எஞ்சின் புகை வெளியேறும் இடத்துக்கு 3 அடிக்குள்ளோ அந்தக் குழாயின் முனை இருக்கவே கூடாது. விஷவாயு அதே குழாய் வழியாக ஏசிக்குள் ஏறி, படுக்கை அறையில் இறங்கும்.

படி 5: இரவின் கணக்கும் பேட்டரியும்

450 வாட் ஏசி இரவு முழுவதும் ஒரே மூச்சில் ஓடாது. மேலே சொன்ன நிழலும் கதவும் இருந்தால், 26 டிகிரியில் வைத்தால், ஏறக்குறைய 60 சதவீத நேரம் கம்ப்ரஸர் ஓடும். 8 மணி நேரத்துக்கு 2.16 யூனிட். இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஆக 2.4 யூனிட், மணிக்கு 0.3. இரவில் ஃபிரிட்ஜ் எடுக்கும் 0.5-ஐயும் சேர்த்தால் 2.9 யூனிட்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதத்தை நிம்மதியாக எடுக்கலாம். 12.8 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 1.28 யூனிட். மூன்று வைத்தால் 3.84, அதில் 80 சதவீதம் 3.07. நம் இரவுக்குப் போதும். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 36 கிலோ.

ஈய-அமில வகையில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும். அதே இரவுக்கு 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து வேண்டும். ஒன்று 30 கிலோ என்றால் 150 கிலோ. எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசி 20 சதவீதம் ஏற அவை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக சார்ஜ் எடுக்கும் என்பதுதான் தாங்க முடியாதது. பகல் முடிந்துவிடும், பேட்டரி நிறைந்திருக்காது. தினமும் ஏசி ஓட்டுவதென்றால் லித்தியம் அல்லாத வழி இன்று இல்லை என்றே சொல்வேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, 16,000 பி.டி.யு. ஏசி அதே 8 மணி நேரத்துக்கு 7.5 யூனிட் கேட்கும். அதற்கு 700 ஆம்பியர்-மணிக்கு மேல் லித்தியம் வேண்டும். பேட்டரியை வாங்கிவிடலாம். மறுநாள் 7.5 யூனிட்டை எங்கிருந்து கொண்டுவருவது?

படி 6: இன்வெர்ட்டர்

ஓடும்போது 450 வாட் என்பதை நம்பி 600 வாட் இன்வெர்ட்டர் வாங்கினால் ஏசி கிளம்பவே கிளம்பாது. சாதாரண கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல நான்கைந்து மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 5,000 பி.டி.யு. ஏசிக்கு 2,000 வாட், சுத்தமான சைன் அலை (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) தரும் இன்வெர்ட்டர் வைத்தால் தொல்லை இருக்காது. மாற்றியமைத்த அலை தரும் மலிவு ரகத்தில் மோட்டார் சூடாகி முனகும்.

பெரிய ஏசி ஏற்கெனவே படகில் இருந்தால் ஒரு மென்தொடக்கக் கருவி சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோ ஏர் நிறுவனத்தின் ஈசி ஸ்டார்ட் இதில் பிரபலம். தொடக்க இழுப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். இன்வெர்ட்டர் ஏசி என்று வீட்டுக்கு வாங்குகிறோமே, அந்த வகைக்கு இது தேவையில்லை. அது மெதுவாகவே வேகம் எடுக்கும்.

கரை மின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒரே நேரத்தில் ஒரே ஒயரில் சந்திக்கக் கூடாது. தானியங்கி மாற்று சுவிட்ச் உள்ள இன்வெர்ட்டராகப் பாருங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் எங்கே இணைப்பது என்பது படகு மின்சாரம் தெரிந்தவரின் வேலை. தவறாக இணைத்தால் பக்கத்தில் நீந்துகிறவர் உயிருக்கே ஆபத்து.

படி 7: கேபிளும் ஃபியூஸும்

2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 185 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 70 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே 2 மீட்டருக்கு மேல் போக விடாதீர்கள். வெள்ளீயம் பூசிய, நுண்ணிழைக் கேபிளாக இருக்கட்டும்; பூச்சு இல்லாத தாமிரம் உப்புக் காற்றில் உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்துவிடும். முனையின் லக்கை (கேபிளை இணைக்கும் உலோக வளையத்தை) ஹைட்ராலிக் கருவியால் அழுத்திப் பொருத்தி, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். சுத்தியலால் தட்டிய லக் ஒருநாள் சூடாகி நெருப்பு வைக்கும்.

அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் இ-11 தரநிலை சொல்லும் அடிப்படை விதி: ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். லித்தியத்துக்குத் தனியாக இ-13 உண்டு. ஃபியூஸ் வகை மிக முக்கியம். லித்தியத் தொகுப்பு ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் தீப்பொறி நடுவில் பாலமாக நின்று மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். கிளாஸ் டி (Class T) வகை 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும். விலை அதிகம்தான்; இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

படி 8: பகலில் திரும்ப ஏற்றுவது

நம் படகின் ஒரு நாள் செலவு, ஏசி 2.4, மற்றவை 1.3, ஆக 3.7 யூனிட். 800 வாட் சோலார் 2.8 தருகிறது. பற்றாக்குறை 0.9. 400 வாட் மட்டும் இருந்தால் பற்றாக்குறை 2.3.

எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். 100 ஆம்பியர் என்று எழுதியது சூடேறிய பிறகு 60 ஆம்பியரைத்தான் தொடர்ந்து தரும். அது மணிக்கு 0.8 யூனிட். ஆக, 800 வாட் சோலார் உள்ள படகுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், 400 வாட் உள்ளதுக்கு மூன்று மணி நேரம் எஞ்சின் ஓட வேண்டும். அடுத்த இடத்துக்குப் போகும்போது ஏற்றுவது நல்லது. நின்ற இடத்திலேயே டீசல் எஞ்சினைச் சுமையில்லாமல் ஓட்டுவது எஞ்சினுக்கு நல்லதில்லை.

லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கிக்கொண்டே இருக்கும். சாதாரண ஆல்டர்னேட்டர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முயன்று கருகிவிடும். வெப்ப உணரி உள்ள வெளி ரெகுலேட்டர் வையுங்கள். அல்லது எஞ்சின் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் நடுவே 30 முதல் 50 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு அளவாக ஏற்றும் கருவி) வையுங்கள். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரென்று இணைப்பைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் வெடிக்கும் அபாயமும் இந்தச் சார்ஜரால் போய்விடும்.

இனி பெட்ரோல் ஜெனரேட்டர். ஹோண்டா EU2200i போன்ற கையில் தூக்கும் ஜெனரேட்டர் தொடர்ச்சியாக 1,800 வாட் தரும். 60 ஆம்பியர் சார்ஜரை அதில் செருகினால் அந்த 2.3 யூனிட் மூன்று மணி நேரத்தில், 2 லிட்டர் பெட்ரோலுக்குச் சற்று மேல் செலவில் ஏறிவிடும். பலர் இதையே இரவில் தளத்தில் வைத்து ஏசியை நேரடியாக ஓட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று கடல்நோய் போலவே ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. 2000 ஆகஸ்டில் அரிசோனா, யூட்டா எல்லையிலுள்ள லேக் பவல் நீர்த்தேக்கத்தில், ஒரு படகு வீட்டின் பின்தளத்துக்கு அடியில் நீந்திய இரண்டு சிறுவர்கள், சகோதரர்கள், இந்த வாயுவால் இறந்தார்கள். ஜெனரேட்டரின் புகை அந்த இடுக்கில் வெளியேறிக்கொண்டிருந்தது. திறந்த வெளி ஏரியில், பட்டப்பகலில் நடந்தது இது. நங்கூரத்தில் நிற்கும் படகு இரவில் சுற்றும், காற்று திசை மாறும். மாலையில் வெளியே போன புகை நள்ளிரவில் உள்ளே வரலாம். பக்கத்துப் படகின் புகையும் வரும். அதனால் என் அமைப்பில் மாறாத விதி ஒன்று: தூங்கும்போது படகில் எந்த எஞ்சினும் ஓடக் கூடாது. ஜெனரேட்டர் பகலுக்கு, பேட்டரி இரவுக்கு. படுக்கை அறை ஒவ்வொன்றிலும் படகுக்கென்று செய்த கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் இருக்கட்டும்.

பெட்ரோலைக் கேபினுக்குள் வைக்காதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஜெனரேட்டர் ஆறிய பிறகே நிரப்புங்கள்.

படி 9: சோதனை இரவு

பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷன்ட் (போய்வரும் மின்னோட்டத்தை அளக்கும் துண்டு) வைத்த மானி ஒன்று பொருத்துங்கள். வோல்ட்டைப் பார்த்து லித்தியத்தின் இருப்பைச் சொல்ல முடியாது. முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே வோல்ட்தான் காட்டும்.

முதல் இரவை மரினாவிலேயே கழியுங்கள், கரைக் கேபிளைக் கழற்றிவிட்டு. இரவு பத்து மணிக்கு மானியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி கிளம்பும்போது இன்வெர்ட்டரில் எச்சரிக்கை வருகிறதா, அரை மணி நேரம் கழித்து கேபிள் முனைகள் சுடுகின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். கையில் இதமான சூட்டுக்கு மேல் இருந்தால் நிறுத்திவிட்டு லக்கைச் சரிபாருங்கள். காலை ஆறு மணிக்கு மறுபடி மானியைப் பாருங்கள். 230 ஆம்பியர்-மணிக்குள் செலவாகியிருந்தால் கணக்கு சரி. 260-ஐத் தாண்டியிருந்தால் இன்னொரு பேட்டரி வாங்க ஓடாதீர்கள். வெப்பம் எங்கேயோ உள்ளே வருகிறது. ஹேட்ச் உறையையும் கதவிடுக்கையும் பார்த்துவிட்டு, வெப்பநிலையை 27-க்கு ஏற்றி இன்னொரு இரவு சோதியுங்கள். மரினாவில் காற்று குறைவு என்பதால் அங்கே தேறிய அமைப்பு நங்கூரத்தில் இன்னும் கொஞ்சம் குறைவாகவே செலவழிக்கும்.

மேகம் மூடிய நாளில் சோலார் பாதியாகக் குறையும். அப்படிப்பட்ட மாலையில் பேட்டரி 70 சதவீதத்தை எட்டவில்லை என்றால், படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் மட்டும் ஏசியைப் போட்டு அறையின் ஈரத்தை எடுத்துவிட்டு, அப்புறம் விசிறிக்கு மாறிக்கொள்ளுங்கள். அதற்கு 0.6 யூனிட்தான் ஆகும்.